ஒரே சோதனையை இரண்டு முறை காட்டுங்கள்: பள்ளிப் பிள்ளைகளுக்கான வேதியியல் நிகழ்ச்சி

கேள்வி இதுதான்: பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள சுமார் அறுபது பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர வேதியியல் நிகழ்ச்சி நடத்த வேண்டும். பள்ளியில் ஆய்வகம் இல்லை. கடையில் கிடைக்கும் பொருட்களை வைத்தே செய்ய வேண்டும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்க வேண்டும். ஆனால் ஆப்ப சோடா எரிமலை போதும் போதும் என்றாகிவிட்டது.

முடியும். நான்கைந்து சோதனைகள் போதும். பொதுவாக நடக்கும் தவறு, பதினைந்து சோதனைகளை வரிசையாக ஓட்டுவது. ஒன்று பொங்கும், ஒன்று நிறம் மாறும், ஒன்று புகையும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஏன் நடந்தது என்று கேட்டால் "மேஜிக்" என்பார்கள். அதற்கு மாற்று எளிது. ஒவ்வொரு சோதனையையும் இரண்டு முறை செய்யுங்கள். இரண்டாம் முறை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னால் "இப்போது என்ன ஆகும்?" என்று கேட்டு, கை தூக்கச் சொல்லி, எத்தனை பேர் எதற்குத் தூக்கினார்கள் என்று பலகையில் எழுதிவிடுங்கள். தன் கணிப்பு பலகையில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் கண்ணை எடுக்காது. கீழே உள்ள சோதனைகளைத் தேர்ந்தெடுத்ததே, ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு ஜோடி உண்டு என்பதால்தான்.

முதலில் மேடை. கடைசி வரிசைக்குத் தெரியாத சோதனை நடக்காத சோதனைதான். மேசை மேல் இன்னொரு ஸ்டூலைப் போட்டு உயர்த்துங்கள். நிறம் மாறும் சோதனைக்குப் பின்னால் வெள்ளைச் சார்ட் அட்டை, நுரைக்கும் புகைக்கும் கறுப்புத் துணி. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், கண்ணாடி டம்ளர் அல்லது மேல்பகுதியை வெட்டிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டில். அளக்க மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 5 மி.லி., 20 மி.லி. சிரிஞ்சுகள் வாங்கிக்கொள்ளுங்கள், இவற்றைவிட மலிவான அளவுக் கருவி கிடையாது. தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர். போர் தண்ணீரில் செய்தால் குறைந்தது ஒரு சோதனையாவது கெட்டுப்போகும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். செய்பவர் கட்டாயம் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். முதல் வரிசை இரண்டு மீட்டர் தள்ளி. ஒரு வாளி தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு பக்கத்தில். குழாய் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்துவையுங்கள், ஏனென்றால் கண்ணில் எது பட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இமையைப் பிரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போவது.

பொங்கும் நுரை

இணையத்தில் யானைப் பற்பசை என்று பிரபலமான சோதனை. வீடியோவில் கூரையைத் தொடும் நுரை வரும். அதற்கு அவர்கள் பயன்படுத்துவது 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அது தோலில் பட்டால் வெள்ளையாக வெந்துபோகும். பள்ளிக்கு அது வேண்டவே வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவக் கிடைக்கும் 6 சதவீதக் கரைசல் போதும். பாட்டிலில் "20 வால்யூம்" என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒரு மி.லி. கரைசல் சிதைந்தால் 20 மி.லி. ஆக்சிஜன் வரும் என்பது அதன் பொருள். ஆக 100 மி.லி. ஊற்றினால் 2 லிட்டர் வாயு. அரை லிட்டர் பாட்டிலுக்குள் 2 லிட்டர் வாயு எங்கே போகும்? இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுச் சோதனையைச் செய்தால், நுரை வழியும்போது பிள்ளைகளுக்கு அது தாங்கள் போட்ட கணக்காகத் தெரியும்.

தேவையானவை: வாய் குறுகிய அரை லிட்டர் பாட்டில், 6 சதவீதப் பெராக்சைடு 100 மி.லி., பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் கேசரிப் பவுடர், பேக்கரிப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி (3 கிராம்). ஈஸ்ட்டை மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். பாட்டிலில் பெராக்சைடு, லிக்விட், நிறம் சேர்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். குலுக்கினால் இப்போதே நுரைத்துவிடும். பாட்டிலை அகலத் தட்டில் நிறுத்தி, புனல் வழியாக ஈஸ்ட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றிப் புனலை எடுத்துவிடுங்கள்.

நுரை சோம்பலாக வந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பெராக்சைடு பழையது: திறந்து மாதக்கணக்காக வெயிலில் இருந்த பாட்டிலில் பாதி வெறும் தண்ணீர்தான் மிச்சம் இருக்கும். ஈஸ்ட்டைக் கரைத்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது: 40 டிகிரி, அதாவது கை பொறுக்கும் வெதுவெதுப்பு, அதுதான் அளவு, அதற்கு மேல் போகப் போக ஈஸ்ட்டுக்குள் இருந்து பெராக்சைடைச் சிதைக்கும் நொதி (வினையை வேகப்படுத்தும் புரதம்) சிதைந்து 60 டிகிரிக்கு மேல் வேலைக்கு உதவாது. மூன்றாவது, பாட்டிலின் வாய் அகலம்: நுரை மேலே எழாமல் பக்கவாட்டில் வழியும், வேதியியலில் குறை இல்லை.

இப்போது ஜோடி. பச்சை உருளைக்கிழங்கு ஒரு துண்டு, அதே அளவு வேகவைத்த துண்டு. இரண்டு டம்ளரில் 20 மி.லி. பெராக்சைடு. பச்சைத் துண்டைப் போட்டதும் சுற்றிலும் நுண்குமிழ்கள் கிளம்பி, அரை நிமிடத்தில் துண்டு நுரைக்குள் மறைந்துவிடும். வெந்த துண்டு அப்படியே கிடக்கும். இரண்டும் ஒரே கிழங்குதானே என்று கேளுங்கள். உயிருள்ள செல்களில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது, வேகவைத்ததும் அது உருக்குலைந்துவிட்டது என்பதை நீங்கள் சொல்வதற்கு முன்னால் யாராவது ஒரு பிள்ளை "சூடுதான் காரணம்" என்று சொல்லியிருக்கும். புண்ணில் ஊற்றினால் பெராக்சைடு ஏன் நுரைக்கிறது என்பதற்கும் இதுதான் பதில்.

வந்தது ஆக்சிஜன்தான் என்று நிரூபிக்கவும் வழி உண்டு. உயரமான கண்ணாடி டம்ளரில் சோப்பு லிக்விட் இல்லாமல் 50 மி.லி. பெராக்சைடும் ஈஸ்ட் கரைசலும் சேர்த்து, மேலே ஒரு தட்டைச் சாய்வாக மூடி ஒரு நிமிடம் வையுங்கள். ஊதுபத்தியைப் பற்றவைத்துச் சுடரை அணைத்து, கங்கு மட்டும் இருக்கும்போது தட்டை விலக்கி டம்ளருக்குள் இறக்குங்கள். கங்கு பளீரென்று மீண்டும் சுடர்விடும். வெளியே எடுத்து அணைத்துவிட்டு மறுபடி இறக்கினால் மறுபடி பிடிக்கும். கங்கு திரவத்தில் பட்டுவிடாமல் பாதி ஆழத்தில் நிறுத்துவதுதான் சூட்சுமம். அறையின் விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நுரையைவிட இதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் ஆர்ப்பரிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: டம்ளரில் மிஞ்சிய பெராக்சைடைப் பாட்டிலில் திரும்ப ஊற்றி மூடாதீர்கள். துளி ஈஸ்ட் கலந்திருந்தாலும் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

சொன்ன நேரத்துக்குக் கறுக்கும் தண்ணீர்

என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் காட்டக்கூடிய வேதியியலில் இதற்கு நிகர் இல்லை. இரண்டு டம்ளரிலும் தண்ணீர் போன்ற திரவம். ஒன்றாக ஊற்றுகிறோம். ஒன்றும் நடக்கவில்லை. இருபது, இருபத்தைந்து என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், டம்ளர் முழுவதும் ஒரு நொடியில் கருநீலமாகிவிடும். மெல்ல மெல்ல மாறாது. விளக்கை அணைத்த மாதிரி மாறும்.

வேண்டியது மூன்று கரைசல். முதலாவது கஞ்சி: ஒரு தேக்கரண்டி சோள மாவை (கார்ன்ஃப்ளார்) குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் 100 மி.லி. நீரில் ஊற்றிக் கிளறி, கண்ணாடி போல் ஆனதும் ஆறவையுங்கள். அன்றன்று செய்ய வேண்டும். நேற்றைய கஞ்சியில் நிறம் செம்பழுப்பாக வரும். சோற்றுக் கஞ்சியிலும் வரும், அவ்வளவு தெளிவாக இருக்காது. இரண்டாவது, 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து 30 மி.லி. நீரில் கலக்கி, துணியில் வடிகட்டியது. நிறம் சேர்க்காத மாத்திரையாகப் பாருங்கள். மூன்றாவது, 2 சதவீத டிங்சர் அயோடின். அது கிடைக்காவிட்டால் பெட்டாடின் போன்ற போவிடோன் அயோடின் மருந்து; 5 சதவீத போவிடோனில் உண்மையில் பயன்படும் அயோடின் அரை சதவீதம்தான், ஆகவே டிங்சர் 5 மி.லி.க்குப் பதில் அது 20 மி.லி. எடுக்க வேண்டும்.

முதல் டம்ளரில் தண்ணீர் 60 மி.லி., டிங்சர் 5 மி.லி. கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். சிரிஞ்சில் வைட்டமின் சி கரைசலை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பழுப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி, ஏறக்குறைய 4 மி.லி. போனதும் ஒரு சொட்டில் சட்டென்று தெளிந்துவிடும். இந்தப் புள்ளியைப் பிள்ளைகள் முன்னாலேயே காட்டுங்கள், இதுவே தனிக் காட்சி. தெளிந்த பிறகு மேலும் அரை மி.லி. விடுங்கள். இந்தக் கூடுதல் அரை மி.லி.தான் கடிகாரத்தின் சாவி.

இரண்டாவது டம்ளரில் தண்ணீர் 60 மி.லி., 6 சதவீதப் பெராக்சைடு 8 மி.லி., கஞ்சி ஒரு தேக்கரண்டி. இரண்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டீ ஆற்றுவது போல இரண்டு முறை மாற்றி ஊற்றி நிறுத்துங்கள். நம்மூர் வெப்பத்தில் இருபது முதல் முப்பது நொடிக்குள் கறுக்கும்.

நடப்பது இதுதான். முதல் டம்ளர் தெளிந்தபோதே வைட்டமின் சி அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிட்டது. பெராக்சைடு அயோடைடை அயோடினாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அயோடினும் கஞ்சியும் சேர்ந்தால் கருநீலம். ஆனால் உண்டாகும் அயோடினை உண்டான கணமே வைட்டமின் சி திரும்ப அயோடைடாக்கிவிடுகிறது. எனவே வெளியே ஒன்றும் தெரிவதில்லை. கூடுதலாக விட்ட வைட்டமின் சி தீர்ந்த நொடியில், தடுக்க ஆளில்லாமல் அயோடின் சேரத் தொடங்குகிறது; மிகச் சிறிதளவு அயோடினே கஞ்சியைக் கறுக்கவைத்துவிடும் என்பதால் மாற்றம் சட்டென்று நிகழ்கிறது.

ஜோடி: எல்லாம் அதே அளவு, கூடுதல் வைட்டமின் சி மட்டும் அரை மி.லி.க்குப் பதில் ஒரு மி.லி. எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், ஒன்றரை மி.லி. என்றால் மூன்று மடங்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நேரத்தை வரைபடத்தாளில் குறிக்கச் சொன்னால் நேர்கோடு கிடைக்கும். அதற்கு மேலும் ஒரு முறை செய்ய நேரம் இருந்தால், இரண்டு டம்ளரையும் ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்துச் செய்யுங்கள். காத்திருப்பு வெகுவாக நீளும். முன்தினம் ஒருமுறை செய்து பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டால், மேடையில் "இருபத்து மூன்று" என்று எழுதி மூடிவைத்துக் காட்டலாம்.

கறுக்கவே இல்லையா? கூடுதல் வைட்டமின் சி அதிகமாகிவிட்டது, அல்லது பெராக்சைடு செத்துவிட்டது. ஊற்றியதும் கறுத்துவிட்டதா? கூடுதல் விட மறந்திருப்பீர்கள். கறுத்த டம்ளரில் மிச்ச வைட்டமின் சி கரைசலை ஊற்றினால் மறுபடி தெளிந்து, சற்று நேரத்தில் மறுபடி கறுக்கும். சட்டையில் பட்ட அயோடின் கறைக்கும் அதே கரைசல்தான் மருந்து.

இதே முறையில் நெல்லிக்காய்ச் சாறும் எலுமிச்சைச் சாறும் எத்தனை சொட்டில் அயோடினைத் தெளியவைக்கின்றன என்று ஒப்பிடலாம். நெல்லி எளிதாக வெல்லும். ஆனால் நெல்லியின் துவர்ப்புப் பொருட்களும் அயோடினோடு ஓரளவு வினைபுரிகின்றன. அதனால் சொட்டுக் கணக்கை அப்படியே வைட்டமின் சி அளவாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

உப்புப் போட்டால்தான் கரையும் தாள்

மயில்துத்தம் (துருசு) நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் காப்பர் சல்பேட். நஞ்சு, கண்ணாடி பாத்திரத்தில் மட்டும், கையுறையோடு, ஆசிரியர் மட்டும் கையாள வேண்டும். 100 மி.லி. நீரில் 10 கிராம் கரைத்தால் அழகான நீலம். இரண்டு டம்ளரில் சமமாகப் பிரியுங்கள். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் உள்ளங்கை அளவு இரண்டு துண்டுகளைத் தளர்வாகக் கசக்கி, டம்ளருக்கு ஒன்றாகப் போட்டு முக்குங்கள். ஒன்றும் ஆகாது. ஒரு நிமிடம் காத்திருங்கள், உண்மையிலேயே ஒன்றும் ஆகாது என்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பிறகு ஒரு டம்ளரில் மட்டும் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள்.

முதலில் நீலம் பச்சையாகும். தாளில் ஆங்காங்கே செம்புள்ளிகள் தோன்றும். புள்ளிகள் பரவும், குமிழ்கள் கிளம்பும், பளபளத்த தாள் ஓட்டை ஓட்டையாகி, செங்கல் தூள் போன்ற செம்பாகக் கீழே உதிரும். டம்ளரின் வெளிப்புறத்தைத் தொட்டால் சூடு தெரியும். பக்கத்து டம்ளரில் தாள் அப்படியே மின்னிக்கொண்டிருக்கும்.

அலுமினியம் செம்பைவிட வீரியமான உலோகம்; செம்பை அதன் உப்பிலிருந்து துரத்திவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் காற்றுப் பட்ட அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று கவசம் போல இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் கவசத்தில் ஓட்டை போடுகிறது. புளியும் உப்பும் சேர்ந்த குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைக்காதே என்று வீட்டில் சொல்வது ஏன் என்று இங்கே கேளுங்கள்.

கிளம்பும் குமிழில் ஹைட்ரஜன் இருக்கிறது. டம்ளரை மூடாதீர்கள், அருகில் சுடர் வேண்டாம். தாளை அதிக அளவில் போட்டால் கொதித்து வழியும். உள்ளங்கை அளவுக்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகள் கையால் செய்வது: மஞ்சளும் சங்குப்பூவும்

அறுபது பேரும் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை 30 மி.லி. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் திரவத்தை வெள்ளைத் தாளில் தூரிகையால் பூசி நிழலில் காயவையுங்கள். முந்தின நாளே செய்துவிடலாம், அருகில் நெருப்பு கூடாது. தண்ணீரில் கலக்கிப் பூசினால் திட்டுத்திட்டாக வரும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும்.

பிள்ளைக்கு ஒரு தாள், ஒரு காது குடையும் பஞ்சுக்குச்சி, சோப்புக் கரைசல். எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். மேலே எலுமிச்சைச் சாறு தடவினால் மஞ்சளாக மறையும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் ரத்தச் சிவப்பாவதும், மஞ்சளிலிருந்து குங்குமம் செய்வதும் இதே வினைதான். ஜோடிக்கு ஆப்ப சோடாக் கரைசலையும் சலவைச் சோடாக் கரைசலையும் பக்கத்தில் பக்கத்தில் தொட்டு எழுதச் சொல்லுங்கள்: முன்னது மங்கலாகச் சிவக்கும், பின்னது செக்கச் சிவக்கும். இரண்டும் காரம்தான், வீரியம் வேறு.

மஞ்சளுக்கு இரண்டு நிறம்தான் தெரியும். சங்குப்பூவுக்கு ஐந்தாறு. நீலப் பூ பதினைந்தைக் காம்பு நீக்கி 200 மி.லி. கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு வடிகட்டினால் மசி போன்ற நீலம். எலுமிச்சை விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. ஆப்ப சோடாவில் மயில்கழுத்து நிறம். சலவைச் சோடாவில் பச்சை. சுண்ணாம்பு நீரில் பச்சையாகி மெல்ல மஞ்சளாகும். வெளிநாட்டுக் குறிப்புகள் ஊதா முட்டைக்கோஸ் வாங்கச் சொல்லும். வேலியில் பூத்திருக்கும்போது அது எதற்கு? ஒரு நாளுக்கு மேல் கரைசல் கெடும், அன்றைக்கே செய்யுங்கள்.

ஊதினால் பாலாகும் தண்ணீர்

சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி, கேன் தண்ணீர் அரை லிட்டர், குலுக்கி இரவு முழுக்கத் தெளியவிட்டு, காலையில் அடியைக் கலக்காமல் மேல்நீரை வடித்தெடுங்கள். போர் தண்ணீர் ஆகாது என்றேனே, இங்கேதான்: கடின நீரிலுள்ள பைகார்பனேட்டே சுண்ணாம்போடு சேர்ந்து நீங்கள் ஊதுவதற்கு முன்பே பாலாக்கிவிடும்.

உறிஞ்சுகுழாயின் மேல்பகுதியில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். ஊதினால் காற்று போகும். பிள்ளை தப்பித் தவறி உறிஞ்சினால் துளை வழியே காற்றுதான் வரும், திரவம் ஏறாது. ஊதும் பிள்ளைக்கும் கண்ணாடி போடுங்கள். அரை நிமிடத்தில் வெண்மை படரும். மூச்சின் கார்பன் டை ஆக்சைடு கால்சியம் கார்பனேட்டாகிறது. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். நன்றாக மெலிதாக்கிய சுண்ணாம்பு நீரில், பால் நிறம் வந்த பிறகும் ஆள் மாற்றி, ஆளுக்கொரு குழாய் கொடுத்து ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும்! கரையாத கார்பனேட் கரையும் பைகார்பனேட்டாகிவிட்டது. தெளிந்ததை ஒரு பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் வெண்மை திரும்பிவரும். அதுதான் வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் உப்புக்கறை. இப்படித் தெளிய, ஊதுவதற்கு முன்பே சுண்ணாம்பு நீரைப் பல மடங்கு கேன் தண்ணீர் சேர்த்து மெலிதாக்கிக்கொள்ளுங்கள்; அடர்ந்த சுண்ணாம்பு நீர் மூச்சால் முழுதாகத் தெளியாது.

சுண்ணாம்புக் குழைவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலமும் டியூபும் அமுக்கும்போது கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கரைசல் தயாரிப்பது பெரியவர் வேலை.

நேரம் மிஞ்சினால் ஒரு மெழுகுவர்த்தி போதும். நன்றாக எரிந்ததை ஊதி அணைத்து, எழும் வெண்புகைக்குத் தீக்குச்சிச் சுடரைத் திரியிலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில் காட்டினால் சுடர் புகைவழியே இறங்கித் திரியைப் பிடிக்கும். காற்றாடியை நிறுத்தாவிட்டால் நடக்காது. மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகளை மெழுகுவர்த்தியை மையமாக வைத்தே நடத்தினார்.

எவற்றைத் தொடக்கூடாது

ஸ்பிரிட்டையோ மெத்தனாலையோ தட்டில் ஊற்றி உப்புகளைத் தூவி வண்ணச் சுடர் காட்டும் சோதனை வேண்டாம். அணைந்ததாக நினைத்து மேலும் ஊற்றும்போது நெருப்பு பாட்டிலுக்குள் பாய்ந்து முன்வரிசை மேல் பீய்ச்சியடிக்கும். பல நாடுகளில் மாணவர்கள் இதில் கருகியிருக்கிறார்கள். 2014-இல் அமெரிக்க வேதியியல் சங்கமே இதை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. சுடரின் நிறம் காட்ட வேண்டுமென்றால் ஐஸ் குச்சியை உப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து கேஸ் அடுப்புச் சுடரில் காட்டுங்கள். மஞ்சள் பளிச்சென்று வரும். மயில்துத்தக் கரைசலில் ஊறிய குச்சி பச்சை தரும், அதைக் காற்றோட்டமான இடத்தில் ஒரு நொடி மட்டும்.

ஆரஞ்சுத் தூள் எரிமலை என்ற அம்மோனியம் டைகுரோமேட் சோதனையும் வேண்டாம். குரோமியத் தூசு புற்றுநோய் தரும். கழிப்பறை அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அறையில் இருக்கவே கூடாது, கலந்தால் வருவது குளோரின்.

எந்தக் கரைசலையும் குளிர்பான பாட்டிலில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் லேபிளைக் கிழித்துவிட்டு, மார்க்கரில் பெயரும் "குடிக்காதே" என்றும் எழுதி, நிகழ்ச்சி முடிந்ததும் எண்ணிப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பெராக்சைடு நுரை, கஞ்சி, சங்குப்பூத் தண்ணீரை நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம். மயில்துத்தக் கரைசலை மட்டும் அப்படி ஊற்ற வேண்டாம், மீனுக்கும் மண்ணுக்கும் கேடு. அதில் கொஞ்சம் உப்பும், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் போட்டு, மூடாமல் இரண்டு நாள் வைத்திருங்கள். நீலம் முழுதும் போய், நாரின் மேல் செம்பு படிந்திருக்கும். திரவத்தை நிறைய நீரோடு ஊற்றிவிட்டு, படிந்த செம்பைக் கழுவிக் காயவைத்துச் சீசாவில் போட்டு வகுப்பு அலமாரியில் வைக்கலாம்.